நூலுடைமைச் சீட்டு

தேயிலை வாணிகத்தில் நெடுங்காலமாக ஒரு நடைமுறை உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், வரிசை எண், எடை ஆகியவற்றைத் துளைத்தகடு வைத்து மையால் பதிப்பர். பலகைப் பெட்டி போய்க் காகிதப் பை வந்த பின்னும் குறியிடும் வழக்கம் போகவில்லை. எந்த மலையில் பறித்த கொழுந்து எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் கடல் கடந்து வாழும் வணிகனும் அக்குறியைக் கொண்டே அறிந்துகொள்கிறான்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலை விளையும் தோட்டங்களில் தமிழர் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் பறித்த கொழுந்துக்குக் குறியிருந்தது. அவர்கள் வாங்கிப் படித்த நூல்களுக்கு என்ன குறி இருந்தது? பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமில்லை. தூளுக்கு ஊர் தெரிகிறது. நூலுக்கு ஊர் தெரியவில்லை. இக்குறையைத் தீர்க்கவல்ல கலை ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

மேனாட்டார் நூலின் முன்னட்டை உட்புறத்தில், உடையவரின் பெயரும் சிற்றோவியம் ஒன்றும் அச்சிட்ட தாளை ஒட்டிவைப்பர். இதனை ஆங்கிலத்தில் புக்பிளேட் என்பர். எக்ஸ் லிப்ரிஸ் என்ற இலத்தீன் தொடராலும் குறிப்பர். 'இன்னாருடைய நூல்களிலிருந்து' என்பது அத்தொடரின் பொருள். பிளேட் என்னும் சொல் இவ்விடத்து உண்கலத்தைச் சுட்டவில்லை. ஓவியம் வெட்டி மை தடவி அச்செடுக்கும் தகட்டையே சுட்டுகிறது. ஆகவே 'புத்தகத் தட்டு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்புக்கே இடமாகும். 'நூலுடைமைச் சீட்டு' என்பது நீளமாயினும் பொருளைத் தெளிவாகத் தருகிறது. சுருக்கம் வேண்டுவோர் 'உடைமைச் சீட்டு' எனலாம்.

இக்கலை செருமனி நாட்டில் பதினைந்தாம் நூற்றாண்டில், அச்சுக்கலையோடு ஒட்டித் தோன்றியது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய சீட்டுகளுள் ஒன்று சுமார் 1480ஆம் ஆண்டினது. பிபராக் என்னும் ஊரினராகிய இல்டிபிராண்டு பிராண்டன்பர்க் என்பவர் தம் நூல்களைப் புக்சைம் துறவி மடத்துக்கு வழங்கியபோது அவற்றில் ஒட்டிய சீட்டு அது. தேவதூதர் ஒருவர் எருது பொறித்த கேடயத்தை ஏந்தி நிற்கும் மரவெட்டு ஓவியம் அதில் உள்ளது. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'என்னுடையது, தொடாதே' என்று அச்சுறுத்துவதற்காக அச்சீட்டு எழவில்லை. கொடுத்தவர் யார் என்று பின்வருவோர் அறிவதற்காக எழுந்தது. அடுத்த தலைமுறையில் ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் பேரோவியர் தம் நண்பர் பிர்க்கைமருக்கு ஒரு சீட்டு வரைந்து தந்தார். நூல்கள் தமக்கும் தம் நண்பர்க்கும் உரியன என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. செல்வர் தம் செருக்கைக் காட்டும் ஆடம்பரம் இது என்று ஒதுக்குவோர் இவ்விரு சீட்டுகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, நம்மிடம் இத்தகைய வழக்கம் இருந்ததா என்ற வினா எழும். தாளில் அச்சிட்டு ஒட்டும் முறை நம்முடையதன்று. ஆனால் அதன் உள்ளீடு நமக்குப் பழையது. ஓலைச்சுவடியின் இறுதியில், இன்ன ஆண்டு இன்ன திங்கள் இன்ன நாளில், இன்னார் ஏட்டை இன்னார் எழுதி முடித்தார் என்று குறித்துவைப்பது நம் முன்னோர் மரபு. சுவடியை எடுத்துச் செல்வோர் படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் குறிப்புகளும் உண்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். அவற்றுள் பலவற்றில் அவர் ஆங்கிலத்தில் இட்ட கையொப்பத்தை இன்றும் சரசுவதி மகாலில் காணலாம். அவர் என்ன வாங்கினார், எத்துறையில் ஆர்வங் கொண்டார் என்று ஆராய்வோர்க்கு அக்கையொப்பங்களே வழிகாட்டிகள்.

இவற்றினும் வலிய சான்று ஒன்றுளது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டது முதலாகத் தம் பதிப்புகளில், தமக்குக் கிடைத்த கையெழுத்துப் பிரதிகள் எவரெவரிடமிருந்து வந்தன என்று முன்னே வரிசைப்படுத்திக் காட்டினார். இதனை நன்றி பாராட்டும் செயலாக மட்டும் கொள்வோர் அதன் முழுப் பயனை உணராதவர். இந்தப் பாடம் எந்த ஊர்ச் சுவடியில் உள்ளது, அந்தச் சுவடி எந்தக் குடும்பத்தின் வழி வந்தது என்று அறிந்தால்தான் பாடத்தின் தகுதியை ஆராய இயலும். உடைமையாளரின் பெயர் ஆராய்ச்சியின் உறுப்பாகும் என்பதை நம் பதிப்புத் துறை தன் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. அச்சு நூல் பெருகிய பின்னரோ, ஒரு படியைப் போலவே மற்றொரு படியும் இருக்கிறது, யாருடையதாயிருந்தால் என்ன என்று இருந்துவிட்டோம். அச்சில் எழுத்து ஒன்றாயிருக்கலாம்; படித்தவர் ஒருவரல்லர். ஓரத்தில் எழுதிய குறிப்பும், கோடிட்ட வரியும், மடித்த பக்கமும் படிக்குப் படி வேறுபடும். அவற்றுக்கு உரியவர் பெயர் தெரியாதபோது அவை வெறும் கீறல்களாகிவிடுகின்றன.

கேமரன் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு அழிக்கவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழர் மலையேறினர். போ, புளூவேலி, சுங்கை பாலாஸ் என்னும் பெயர்கள் தேயிலையால் உலகறிந்தன. தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. அந்த விதியின் வழி எழுந்த எளிய தோட்டப் பள்ளிகளே மலாயாவில் தமிழ் எழுத்துக்கு அடிநிலமாயின. பெரட்டுக்கு எழுந்து ஓடிய தாய் தந்தையரின் பிள்ளைகள் அங்கேதான் அரிச்சுவடி பிடித்தனர். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் நடத்திய பள்ளிகள் பல. அவ்வாசிரியரின் தகரப்பெட்டியே பல தோட்டங்களில் நூலகமாக இருந்தது.

அத்தோட்ட மக்களை உலகம் எவ்வாறு அறிந்திருக்கிறது? படமாக அறிந்திருக்கிறது. முதுகில் கூடையும் தலையில் முக்காடுமாகப் பச்சைச் சரிவில் நிற்கும் பெண்ணின் படத்தை அஞ்சலட்டையிலும் தேயிலைப் பொட்டலத்திலும் காணாதார் இலர். அப்பெண்ணின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. தோட்டத்துக்குப் பெயருண்டு, துரைக்குப் பெயருண்டு, தூளுக்கும் பெயருண்டு. கொழுந்து பறித்தவர்க்குப் பெயரில்லை. அத்தகைய ஒருவர் தம் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு நூல் வாங்கி, அதன் முதற்பக்கத்தில் தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினாராயின், அஃது அவர் தாமே தமக்காக எழுதிய ஆவணம் ஆகும். கூலிக் கணக்கிலும் அவர் பெயர் இருந்திருக்கும். ஆனால் அது கிராணியார் எழுதியது. நூலில் உள்ளது அவர் கையால் எழுதியது. இவ்வேற்றுமை சிறிதன்று.

நூற்பட்டியல்கள் இக்குறையை நிரப்பமாட்டா. மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட, இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா', இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் நிரல்படுத்திய அரிய பணி. யார் எழுதினார், யார் வெளியிட்டார், எப்போது வெளியிட்டார் என்பவற்றை அத்தகைய பட்டியல் சொல்லும். யார் படித்தார் என்பதைச் சொல்லுவது அதன் வேலையன்று. எழுதினோர் வரலாறு மட்டும் இலக்கிய வரலாறாகிவிடாது; படித்தோர் வரலாறும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். படித்தோர் வரலாற்றுக்கான சான்று நூலின் உள்ளட்டையில்தான் இருக்கிறது.

அச்சான்று அழிவது எவ்வாறு என்பதை நான் நேரிற் கண்டதுண்டு. மலைத்தோட்டமொன்றில் வாழ்ந்த குடும்பத்தாரிடமிருந்து பழைய திருக்குறள் உரைநூல் ஒன்று எனக்குக் கிடைத்தது. அட்டை பிரிந்திருந்தது. முதல் வெற்றுத்தாளில் மூவர் கையெழுத்து இருந்தது. முதலாமவர் பெயரும் வாங்கிய விலையும். அதன்கீழ், வேறு மையில், அவர் மகளுக்குப் பரிசாகத் தந்த நாள். அதன்கீழ்ப் பென்சிலில், ஒரு பிள்ளை எழுதிப் பழகிய தன் பெயர். மூன்று தலைமுறை ஒரே தாளில் இருந்தது. மனமகிழ்ந்து கட்டடம் செய்யக் கொடுத்தேன். பத்து நாளில் நூல் புதுத் துணியட்டையோடு திரும்பி வந்தது. அந்தத் தாள் வரவில்லை. அழுக்காயிருந்ததென்று கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்ததாகக் கட்டுநர் கூறினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தாளைக் காக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருக்குறளுக்கு அதனால் ஓர் எழுத்தும் குறைவில்லை. அக்குடும்பம் தமிழ் படித்ததற்கிருந்த சான்றுதான் போய்விட்டது.

உடைமைக் குறியின் ஆற்றலுக்கு உலக வரலாற்றில் ஒரு பெருஞ்சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாசிகள் ஐரோப்பிய யூதரின் வீடுகளிலும் நூலகங்களிலும் கவர்ந்த நூல்கள் மலைபோற் குவிந்தன. அவற்றை உரியவர்க்குச் சேர்ப்பிக்க, அமெரிக்கப் படையினர் 1946இல் செருமனியின் ஆபன்பாக் நகரில் ஒரு பெருங்கிடங்கை நடத்தினர். அதன் பொறுப்பேற்ற ஐசக் பென்கோவிட்சு என்பார், நூல்களிலிருந்த உடைமைச் சீட்டுகளையும் நூலக முத்திரைகளையும் படமெடுத்தார். வேலையாட்களுக்கு ஆளுக்குச் சில குறிகளைப் பகுத்துக் கொடுத்து, அக்குறியுள்ள நூல்களைப் பிரித்தெடுக்கச் செய்தார். நூலின் மொழியறியாதவரும் குறியறிந்து பிரித்தனர். இலட்சக்கணக்கான நூல்கள் தத்தம் நாடுகளுக்குத் திரும்பின. உரியவருள் எண்ணற்றோர் உயிரோடில்லை. அவர்கள் இருந்தார்கள், படித்தார்கள் என்பதற்கு அச்சிறு தாள்களே சாட்சிகளாயின. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களுக்கு எந்தச் சீட்டாலும் மீட்சியில்லை. ஆனால் எரியாமல் சிதறிக் கிடக்கும் நூல்களுக்கு மீட்சியுண்டு. தோட்டம் விட்டுத் தோட்டமும், மலை விட்டு நகரமும் பெயர்ந்த நம் குடும்பங்களின் நூல்கள் இத்தகையனவே.

இக்கலையைப் போற்ற விரும்புவோர் அதன் மேனாட்டு வரலாற்றிலுள்ள பிழையையும் அறிந்து விலக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீட்டுச் சேகரிப்பு அங்கே ஒரு வேட்கையாயிற்று. 1891இல் இலண்டனிலும் பெர்லினிலும் அதற்கெனச் சங்கங்கள் தோன்றின. 1897இல் மறைந்த பிராங்சு என்னும் அறிஞர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்ற தொகுப்பில் ஏறத்தாழ 35,000 சீட்டுகள் இருந்தன. இத்தொகுப்புகளால் ஓவிய வரலாறு வளம் பெற்றது உண்மை. ஆனால் சேகரிப்போர் பலர் சீட்டை நூலிலிருந்து பெயர்த்தெடுத்து ஏட்டில் ஒட்டிக்கொண்டனர். பெயர்த்த சீட்டு அழகிய படம், அவ்வளவே. எந்த நூலில் இருந்தது என்பது மறைந்தபின் அது சான்றாகாது; சீட்டை இழந்த நூலும் ஊமையாகிவிடுகிறது. கல்வெட்டைக் கோயிற் சுவரிலிருந்து பெயர்த்து வீட்டு முற்றத்தில் வைப்பதை ஒத்தது இச்செயல். உலகச் சீட்டுக் கலைச் சங்கங்களின் கூட்டமைப்பு 1966இல் அமைந்தது. அதே ஆண்டில்தான் கோலாலம்பூரில் முதல் உலகத்தமிழ் மாநாடும் கூடிற்று. அவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்ததில்லை. இப்போது அறிமுகம் செய்துவைக்கும் நாம், கலையைக் கொள்வோம், பெயர்த்தெடுக்கும் பழக்கத்தைத் தள்ளுவோம்.

சீட்டின் வடிவம் எப்படி இருத்தல் வேண்டும்? கேடயம், ஆந்தை, இறகுப் பேனா ஆகியவற்றை மேனாட்டுச் சீட்டுகளிலிருந்து எடுத்துக்கொள்வது இரவல் அணிகலன் பூணுவது போன்றது. ஏடும் எழுத்தாணியும் நமக்குரியவை. ஆயினும் மலர் வெளியீடுகளிலும் சங்கச் சின்னங்களிலும் பயின்று பயின்று தேய்ந்துபோயின. தேயிலைத் தோட்டத்துக்குரிய சீட்டென்றால் கூடை சுமந்த பெண்ணை வரையலாமே என்று தோன்றும். அதனையே வேண்டாமென்கிறோம். பெயரில்லாப் படமாய் அவளைப் பொட்டலத்தில் ஒட்டியது போதும். நூலிலும் அப்படமே வருமாயின் நூல் தேயிலைப் பொட்டலமாகிவிடும். ஓவியம் வேண்டுமாயின் இரண்டிலையும் ஒரு மொட்டுமான கொழுந்து போதும். லயத்தின் கூரைவரி போதும். மலையின் கோடு ஒன்று போதும்.

சீட்டின் உயிர் ஓவியத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. நம் எழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது; அதனை நன்கு எழுதினாலே ஓவியமாகும். இவ்விடத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்தல் தகும். அவர் தொழிலால் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். 1992இல் அவர் மறைந்தபின், அவர் சேர்த்த பெருந்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. எழுத்தை வரைவதே தொழிலாகக் கொண்ட ஒருவர் நூலைக் காப்பதிலும் தலைநின்றார் என்பது பொருள் பொதிந்த செய்தி. சீட்டுக் கலைக்கு நாம் கலைக்கூடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரில் பெயர்ப்பலகை எழுதுவோரும் பள்ளியின் ஓவிய ஆசிரியரும் போதும்.

முத்திரை குத்தினால் ஆகாதா என்பர் சிலர். ரப்பர் முத்திரை அலுவலகத்துக்கு நன்று. அது நூலின் தலைப்பின்மேலும் உரையின்மேலும் விழுந்து எழுத்தை மறைக்கிறது. மை மறுபக்கத்துக்கு ஊறுகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லுமேயன்றி, கொடுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை. நூல்களையெல்லாம் மின்வடிவில் படமெடுத்துவிட்டால் இக்கவலை ஏன் என்பர் வேறு சிலர். படமெடுப்போர் தலைப்புப் பக்கத்திலிருந்து தொடங்குவதைப் பலமுறை காண்கிறோம். உள்ளட்டையையும் வெற்றுத்தாளையும் சேர்த்துப் படமெடுத்தால் நம் கருத்துக்கு அதுவும் துணையாகும். விட்டுவிட்டால், கட்டுநர் கிழித்த தாளைப் படப்பெட்டியும் ஒருமுறை கிழித்ததாகும்.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்கவை சில. பள்ளி நூலகத்துக்கு யாரேனும் நூல் வழங்கினால் கொடுத்தவர் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம் அல்லது ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் அமைந்த சீட்டை ஒட்டலாம். சீட்டு உள்ளங்கையளவைத் தாண்ட வேண்டா. புளிப்புத்தன்மையற்ற தாள் ஏற்றது. மாவுப் பசையை மெல்லப் பூசி ஒட்டுதல் நன்று. ஒட்டுநாடாவும் தானே ஒட்டும் தாளும் சில ஆண்டுகளில் மஞ்சட்கறை விட்டு நூலைக் கெடுக்கும். மூடுபனியும் ஈரமும் மிக்க மலையில் பசை நன்கு உலருமுன் நூலை மூடினால் பூசணம் பிடிக்கும். ஆதலின் இடையில் உறிஞ்சுதாள் வைத்தல் வேண்டும். பூச்சி வாராமைக்கு மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் கட்டுநரிடையே உண்டு. செம்பு நாளடைவில் தாளை நொறுக்குமாதலால் அதனைத் தவிர்த்தல் நலம். பழைய கையெழுத்து இருக்குமிடத்தின்மேல் புதுச் சீட்டை ஒருபோதும் ஒட்டலாகாது. கட்டடத்துக்கு அனுப்புமுன் பழைய முன்தாளைக் காக்குமாறு எழுத்திலேயே குறித்துக் கொடுத்தல் வேண்டும். நூலகப் பதிவேட்டில் ஆசிரியர், தலைப்பு, விலை ஆகியவற்றின் பக்கத்தில் 'முன்னுடையார்' என்று ஒரு பத்தி சேர்த்தால் செலவு ஒரு கோடுதான்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. தம் பெயரைத் தாமே அழகுற எழுதி, தம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டறிந்து அதன்கீழ் எழுதி, ஒரு சீட்டு ஆக்கச் சொல்லலாம். ஓவியப் பாடம், எழுத்துப் பயிற்சி, குடும்ப வரலாறு மூன்றும் ஒரு தாளில் அடங்கும். மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் நூறு பள்ளிகள் இதனைத் தொடங்கினாலும், ஒரு தலைமுறைக்குப்பின் ஆராய்வோர்க்கு ஒப்பற்ற கருவூலம் கிடைக்கும்.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் கல்வியும் வேலையும் நோக்கி நகரங்களுக்கு இறங்கிவிட்டன. இறங்கும்போது பாத்திரம் பண்டங்களைக் கொண்டு சென்றனர். சிலர் நூல்களையும் கொண்டு சென்றனர். அவை இப்போது எங்கோ அலமாரியின் மேற்றட்டில் இருக்கும். அல்லது பழைய தாளோடு எடைக்குப் போகக் காத்திருக்கும். அவற்றின் முதற்பக்கத்தைத் திறந்து பார்ப்பதே நாம் செய்யவேண்டிய முதல் வேலை. அங்கே ஒரு பெயர் இருந்தால் அதனை நகலெடுத்து வையுங்கள். இல்லையெனில், அந்நூல் யாருடையது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அதனைச் சொல்லத்தக்கவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.